ரீடிங்காரர் எண்ணிய கொக்குகள்

எங்கள் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீடு வீடாக வந்து கரண்டு மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போகிறவர் என்பதால் ரீடிங்காரர். அவருடைய சம்சாரத்தை ரீடிங்காரர் ஊட்டம்மா என்பார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் ஏதாவது ஒரு பெயர் வந்திருக்கும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, ரீடிங்குங்க" என்று ஒரே ஒரு குரல். மர ஸ்டூலைப் போட்டு ஏறி, மீட்டர் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். எண்ணைப் பார்ப்பார். இறங்குவார். மறுபடியும் ஏறிப் பார்ப்பார். அதன்பிறகுதான் பேனாவின் மூடியைத் திறப்பார். ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு அவர் எழுதி நான் கண்டதில்லை.

அம்மாவுக்கு அவரிடம் ஒரு நிரந்தரமான கேள்வி உண்டு. "போன தடவைக்கு இந்தத் தடவை இத்தனை கூட ஓடியிருக்குதே, ஏனுங்க?"

அவரிடமும் நிரந்தரமான ஒரு பதில் இருந்தது. "மீட்டர் காட்டுனதை எழுதிப்போட்டேனுங்க. ஏன் ஓடுச்சுன்னு மீட்டருக்குத் தெரியாதுங்களே."

சொல்லிவிட்டு, அம்மா கொடுக்கும் ஒரு சொம்பு மோரை நின்றபடியே குடிப்பார். ரீடிங்காரருக்கு மோர் கொடுப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இருபது சொம்பு மோராவது குடிப்பார். யார் வீட்டு மோர் புளித்தது என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார். அதனாலேயே யாரும் கேட்கமாட்டார்கள்.

என் சித்தப்பா மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர். ரீடிங்காரர் சைக்கிளில் போய்வருகிற ஊர். சித்தப்பா அவரிடம் விசாரித்தார்.

"ரெண்டு தடவை பிராந்திக் கடை வாசல்ல நிக்கிறதைப் பார்த்தேனுங்க."

"குடிக்கிறானுங்களா?"

"குடிச்சதைப் பார்க்கலீங்க. நின்னதைப் பார்த்தேன்."

வரன் நின்றுபோனது. மாப்பிள்ளையின் அப்பாதான் குடிகாரர் என்பதும், அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் பையன் கடை வாசலில் காத்து நின்றான் என்பதும் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆன பிறகு தெரியவந்தது. சித்தப்பா கொதித்துப்போய்க் கேட்டதற்கு, "நின்னாருன்னுதானுங்களே சொன்னேன்" என்றார் ரீடிங்காரர். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவர்மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கூட்டிச் சொல்லவும் மாட்டார், குறைத்துச் சொல்லவும் மாட்டார், இப்படி ஒரு ஆள் ஊருக்கு வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அணைக்குப் போவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நொய்யலுக்குக் குறுக்கே எங்கள் ஊருக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி புதிதாகக் கட்டிய ஓர் அணை நிரம்பியிருந்தது. விடிந்ததும் கரைமேல் உட்கார்ந்து தண்ணீரில் இருக்கும் பறவைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வருவார். கொக்கு இத்தனை, நாரை இத்தனை, நீர்க்காகம் இத்தனை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி இத்தனை. துணிப்பையைக் கழுத்தில் கட்டிவிட்டதைப்போல அலகுக்கடியில் தோல் தொங்கும் கூழைக்கடா வந்தால் அதற்குத் தனியாக ஒரு வரி. யாரும் அவரை எண்ணச் சொல்லவில்லை. எதற்காக எண்ணுகிறார் என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, "எண்ணிப் பழகிப்போச்சுங்க. ஞாயித்துக்கெழம கை சும்மா இருக்கமாட்டேங்குது" என்றாராம்.

அணை நிரம்பிய முதல் வருடம் தண்ணீர் தண்ணீராக இருந்தது. அப்பா ஒன்றரை ஏக்கர் மஞ்சள் போட்டார். ஐம்பது தென்னை காய்த்தது. அடுத்த வருடம் மேற்கே சாயப்பட்டறைகளிலிருந்து சாயத் தண்ணீர் வரத் தொடங்கியது. ஆறு ஒருநாள் சிவப்பாக வரும், ஒருநாள் நீலமாக வரும். எல்லாம் அணையில் போய்த் தேங்கும். பிறகு கசிந்து கசிந்து எங்கள் கிணறுகளுக்கு வந்தது. மோட்டார் போட்டால் குழாயிலிருந்து டீ டிகாஷன் நிறத்தில் ஊற்றியது. மஞ்சள் கருகியது. தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. தேங்காய் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. எங்கள் காங்கேயம் மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டன. அவை அப்பாவைப் பார்த்த பார்வையைப் பற்றி அப்பா பல நாள் பேசிக்கொண்டிருந்தார்.

ஊர் சேர்ந்து மனு எழுதுவதென்று முடிவானது. நான் அப்போது கோயமுத்தூரில் பெண்கள் விடுதியில் தங்கித் தமிழ் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். என் எழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். கிணறு, தென்னை, மாடு எல்லாம் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படிக்கிற பிள்ளை என்பதைக் காட்ட வேண்டாமா? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "பறவைகளும் கைவிட்ட நீர் இது."

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அப்பா அதை வாசித்தார். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த அணைக்கு நான் அதுவரை போனதே இல்லை. நாற்றம் என்று சொன்னார்கள். நாறுகிற தண்ணீரில் பறவை எப்படி இருக்கும்? அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. மண்டபத்தில் இருந்த யாருமே கொஞ்ச காலமாக அந்தப் பக்கம் போகவில்லை.

போனவர் ஒருவர்தான். "ரீடிங்காரர் வாராவாரம் எண்ணி வெக்கிறாரே, அந்த நோட்டைச் சேர்த்துக் குடுத்தா கலெக்டரே நம்புவாரு" என்று சித்தப்பாதான் யோசனை சொன்னார். கல்யாணத்தைக் கெடுத்தவர் என்ற கோபமெல்லாம் அவருக்கு ஆறிவிட்டிருந்தது. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

மனு போய், விசாரணைக்குத் தேதி வந்ததும் ரீடிங்காரரை டீக்கடையில் பார்த்தோம். நானும் அப்பாவோடு இருந்தேன்.

"விசாரணைக்கு அதிகாரிங்க வாராங்களாமுங்க. அந்தப் பறவை நோட்டை நீங்க எடுத்துட்டு வரோணும்" என்றார் அப்பா.

"வாரேனுங்க." கொஞ்சம் தயங்கி, "நோட்டைச் சித்தெப் படிச்சுப் பார்க்கறீங்களா? ஊட்லதான் இருக்குது" என்றார்.

அப்பா பதறிப்போய்விட்டார். "அட, என்னங்க நீங்க. உங்க எழுத்தைப் படிச்சுப் பார்த்துத்தான் நாங்க நம்போணுமா? நம்ம ஊர்ல அப்படி யாராச்சும் இருக்கறாங்களா? எடுத்துட்டு வாங்க, போதும்."

ரீடிங்காரர் டீயைக் குடித்து முடித்தார். இன்னொரு முறை சொல்லப்போகிறவர்போல என்னைப் பார்த்தார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். ஒரு மனிதரின் நோட்டை வாங்கிப் புரட்டுவது அவரைச் சந்தேகப்படுவதாகும் என்று நினைக்கிற மரியாதைக்காரர்கள் நாங்கள். அந்த மரியாதைதான் எங்களைக் குழியில் தள்ளியது.

விசாரணை கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மூன்று அதிகாரிகள். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் சாயப்பட்டறைக்காரர்களும் அவர்களுடைய வக்கீலும். எங்கள் மேசையில் பாட்டில் பாட்டிலாகக் கிணற்றுத் தண்ணீர், ஒரு கூடை சூம்பிய தேங்காய். அடுத்த வெள்ளாமைக்குள் சாயத் தண்ணீரை ஆற்றில் விடுவதை நிறுத்தி உத்தரவு வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கும் தென்னையும் போய்விடும். அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே விஷயம். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு வக்கீல் எழுந்தார். மனுவின் கடைசி வரியை, என் வரியை, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இதுக்கு ஆதாரம் இருக்குங்களா?"

"இருக்குதுங்க" என்று எங்கள் பக்கத்தில் பத்துக் குரல்.

ரீடிங்காரர் எழுந்து போனார். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா. அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். புரட்டிய கை மெதுவாகியது.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"நேர்ல பார்த்து?"

"ரெண்டு தடவை எண்ணித்தானுங்க எழுதுவேன்."

"இதுல பறவை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டுல்ல இருக்கு?"

"ஆமாங்க."

"கைவிட்ட நீர்னு மனுவில இருக்கே. அது சரியா?"



"இல்லீங்க" என்றார் ரீடிங்காரர். "வருதுங்க. முன்னைக்கு இப்ப நெறைய வருது."

எதிர்ப்பக்கம் சிரிப்பு கிளம்பியது. வக்கீல் சிரிக்கவில்லை, அவருக்குச் சிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. "இத்தனை உயிர் வாழ்ற தண்ணியை விஷம்னு சொல்றாங்க, குறிச்சுக்கங்க ஐயா. ஒரு வரி இப்படின்னா மத்த வரியெல்லாம் எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "நீங்க போலாம்" என்றார். ரீடிங்காரர் போகவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அதிகாரியைப் பார்த்தார். திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். சித்தப்பாவை, அப்பாவை, கடைசியாக என்னை. என்ன திமிர், செய்வதையும் செய்துவிட்டு நிற்கிறதைப் பார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "போலாங்க, அடுத்த ஆள் வரட்டும்" என்று இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

அதன்பிறகு எங்கள் பாட்டில்களை யாரும் திறக்கவில்லை. மேலும் ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. ஆற்றில் எல்லா நிறமும் வந்துகொண்டே இருந்தது.

ரீடிங்காரரின் சம்சாரமும் அந்த மனுவில் கைநாட்டு வைத்தவர். அவர்களுக்கும் அரை ஏக்கர் இருந்தது; அந்தக் கிணறும் எங்கள் கிணற்றைப் போலவே கெட்டிருந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு அவரோடு ஒரு வருடம் பேசவில்லை என்று சொல்வார்கள். ஊர் பேசுவதை நிறுத்தவில்லை, எங்கள் ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே வாங்க போங்க என்று சொல்லாமல் விடமாட்டார்கள். மோர் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். சைக்கிள் சத்தம் கேட்டதும் ஸ்டூலை எடுத்து மீட்டருக்குக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அடுத்த ரீடிங்குக்கு அவர் வந்தபோது நான் விடுமுறையில் வீட்டிலிருந்தேன். மே மாத வெயில். இரண்டு முறை ஏறி இறங்கி அட்டையில் எழுதினார். என்னைப் பார்த்து, "சித்தெத் தண்ணி குடு கண்ணு" என்றார். மோர் கேட்கவில்லை.

வீட்டில் குடிப்பதற்கு லாரித் தண்ணீர் பானையில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. கிணற்றடித் தொட்டிக்குப் போய், அந்தச் செம்மண் நிறத் தண்ணீரை மோர்ச் சொம்பு நிறைய மொண்டு கொண்டுவந்து நீட்டினேன். வேண்டுமென்றேதான் செய்தேன். முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், குறைந்தபட்சம் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவர் சொம்புக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"மாசி மாசத்துக்கு இப்ப உப்பு கூடியிருக்குதுங்க" என்றார். சொம்பை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அப்பா தென்னைகளை வெட்டினார். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, வெறும் கயிறுகளோடு திரும்பினார். கடைசியில் மேற்கே ஒரு சாயப்பட்டறைக்கே வேலைக்குப் போனார். நனைந்த நூல் கட்டுகளைத் தூக்கிக் காயப்போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போது தெரியும், நகக்கண்களில் நீலம். எங்கள் கிணற்றுக்கு வந்த அதே நீலம். நாங்கள் பார்க்காததுபோல் இருப்போம்.

அந்தப் பத்தாண்டு முடியப்போகிற சமயத்தில் குடும்பமே டவுனுக்குப் போவதென்று ஆனது. போய்ச் சில மாதம் கழித்து, மிச்சச் சாமானை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு வர அப்பாவும் நானும் மொபெட்டில் போயிருந்தோம். அப்பா கொல்லைப்புறம் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் சைக்கிள் நின்றது.

"ஏனுங்க, ரீடிங்குங்க."

ரொம்பவும் மூத்துப்போயிருந்தார். ஏறும்போது ஸ்டூல் ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தார். இறங்கி, மறுபடியும் ஏறிப் பார்த்தார். போன தடவை இருந்த அதே எண். "ஓடலீங்க" என்று சொல்லி எழுதினார்.

அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்க வீட்டில் எதுவும் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னும் அணைக்குப் போறீங்களா?"

"போறேனுங்க அம்மணி."

"கொக்கெல்லாம் வருதா?"

"வருதுங்க. நெறைய."

"ஏனுங்க வருது?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். எங்கள் அம்மா ஆயிரம் தடவை கேட்டதுபோல, மீட்டருக்குத் தெரியாது என்று அவர் சொல்வதற்காக.

அவர் பேனாவை மூடினார். ஸ்டூல்மேலேயே உட்கார்ந்தார். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணி கெட்டுப்போச்சுல்லீங்க. விடியக்காலத்துல மீனுக்கு மூச்சு முட்டும். அடியில இருக்க முடியாம மேல வந்து வாயைத் தெறந்துட்டு மிதக்கும். முன்னெல்லாம் ஒரு கொக்கு ஒரு மீனுக்கு அரை நாள் நிக்கோணும். இப்ப நிக்க வேண்டியதில்லீங்க. கொத்துனாச் சரி. எங்கெங்க இருந்தோ வருது. அதுக்குத்தானுங்க வருது. பாதி அங்கியே செத்தும் கெடக்குது, அதுக்கும் ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கறேன்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னங்க? மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி, இந்த ஒண்ணைச் சொல்லியிருந்தா?"

"அன்னிக்கு ஏன்னு யாருங்க கேட்டீங்க?" என்றார். கோபமே இல்லை. "போகச் சொல்லியும் நின்னுட்டுத்தானுங்க இருந்தேன். யாராச்சும் கேப்பீங்கன்னு. அந்த அதிகாரி கேக்கலைன்னாலும், நீங்க படிச்ச புள்ளை, நீங்களாச்சும் கேப்பீங்கன்னு பார்த்தேன்."

நான் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கேட்டால்தான் சொல்வாயா? ஒரு ஊர் முங்கிச் சாகும்போதும் கேள்விக்காகக் காத்திருப்பாயா? இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல வருடங்களாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லச் சொல்ல அது என் பக்கமே திரும்பிவருகிறது.

அட்டையை அதன் இடத்தில் செருகிவிட்டு எழுந்தார். வாசல்படியில் நின்று, "அந்த வரி நீங்க எழுதுனதுன்னு சொன்னாங்க. நல்லா இருந்துச்சுங்க. பார்க்காம எழுதிப்போட்டீங்க" என்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பின் நான் அவரைப் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, அணை வழியாகப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கரைமேல் மொபெட்டை நிறுத்தினார். இறங்கவில்லை, முகத்தைத் தெற்கே ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மட்டும் இறங்கி நின்று பார்த்தேன்.

கறுத்த தண்ணீர், ஓரமெல்லாம் நுரை. அதன்மேல் கரையிலிருந்து கரைவரை வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். நடுவில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஓரத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். பாதியில் தப்பியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

"இருக்குதா கண்ணு?" என்று கேட்டார் அப்பா, திரும்பாமலே.

"இருக்குதுங்கப்பா."

"நெறையவா?"

"நெறையங்கப்பா."

அப்பா மொபெட்டை மிதித்துக் கிளப்பினார்.